வலதுபக்கப் பட்டை

ஜூலை 7, திங்கள்

போன வருடத்துக்கென்று எங்கள் அச்சகத்தில் அடித்து, அட்டையில் பொன்னெழுத்து கோணிப்போனதால் கழித்துப்போட்ட டைரி இது. அச்சிட்ட கிழமை எதுவும் இந்த வருடத்துக்குப் பொருந்தாது. நானே அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னவர் எபநேசர், எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாத்தூர்க்காரர். "அக்கா, புது ஓ.எஸ். ஏத்தினா கொஞ்ச நாளைக்கு ஏதாச்சும் மக்கர் பண்ணும். என்ன பண்ணுது, எப்பப் பண்ணுதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க. நான் வரும்போது கேட்டுக்கிடுறேன்" என்றார்.

இன்று மதியம் முதலில் என் சிஸ்டத்தில் ஏற்றினார். பழையதற்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராதாம். அச்சடிக்கப் பிளேட் போடும் மெஷினுக்கு வந்திருக்கும் புது சாஃப்ட்வேரும் பழையதில் ஓடாதாம். எல்லாம் சரி. ஆடி பதினெட்டுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது இந்த வேலையை எடுக்க வேண்டும் என்று எங்கள் முதலாளி தனபாலன் அண்ணாச்சிக்குத்தான் தோன்றும். சிவகாசியில் ஆடி பதினெட்டன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜையில் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் ஏஜெண்டுகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

நாலு மணிக்குத் திரை திறந்தது. என் சிங்காரத்தைக் காணோம்.

சிங்காரம் என்பது ஷர்மிளா பானு வைத்த பெயர். எங்கள் டிசைன் செக்‌ஷனில் எனக்கு அடுத்தவள். கம்ப்யூட்டர் திரையின் முகத்தையே நம் இஷ்டத்துக்கு மாற்றித் தரும் ஓர் இலவச சாஃப்ட்வேர் அது. பல வருடமாக அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். கரும்பச்சைப் பின்னணி, மேலே வரிசையாக ஃபோல்டர்கள், வலதுபக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. அந்தப் பட்டையை நம்பித்தான் எங்கள் செக்‌ஷன் ஓடுகிறது. தினசரி காலண்டரில் ஒரு நாளுக்கு ஒரு தாள் அல்லவா, வேலையில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பட்டையில் ஒரு விளக்கு. ஒருத்தி பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படிப்பாள், இன்னொருத்தி தாளில் ஒப்பிட்டுப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை. திருத்தம் பாக்கி என்றால் சிவப்பு. சிவப்பு எரியும் தாளை யாரும் பிளேட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். செக்‌ஷனில் எல்லாச் சிஸ்டத்திலும் ஒரே சிங்காரம். ஒருத்தி விளக்கை மாற்றினால் எல்லார் திரையிலும் மாறும்.

இன்று ஐகான் எல்லாம் வெள்ளைக் காகிதமாக நிற்கின்றன. பட்டை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மொட்டையடித்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

காரணம் கிடைத்தது. புது ஓ.எஸ்ஸோடு வந்த ஆன்டிவைரஸ் என் சிங்காரத்தின் ஒரு பாகத்தைத் திருடன் என்று நினைத்துப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறது. எபநேசர் அதை விடுவித்து, புது வெர்ஷன் போட்டு, என் அமைப்புகளைப் பழைய இடத்திலிருந்து எடுத்து உட்கார வைத்தார். பட்டை வந்துவிட்டது. ஷர்மிளா கை தட்டினாள்.

அண்ணாச்சி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இந்தச் சிங்காரிப்பு எதுக்கும்மா கனி? எல்லாரும் மாதிரி சும்மா வச்சிக்கிட்டு வேலயப் பாக்கக் கூடாதா?"

"உங்க காலண்டர்ல தப்பு வராம இருக்குல்ல அண்ணாச்சி. அது இந்தச் சிங்காரிப்பாலதான்."

கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். மடக்கிவிட்டால் அவர் செய்வது அதுதான்.

ஜூலை 9, புதன்

எழுத்து மங்கல். திரையின் அளவு விகிதத்தை மாற்றச் சொல்லி எபநேசர் போனிலேயே சரிசெய்தார். வீட்டில் இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

புதுப் பிரச்சினை. பட்டையின் கீழ்ப்பாதி விளக்குகள் காணாமல் போகின்றன.

எப்போதும் இல்லை. அதுதான் எரிச்சல். நேராகப் பட்டையைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக நிற்கின்றன. நடுத்திரையில் தாளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது நழுவிவிடுகின்றன. முன்பெல்லாம் சிவப்பு எரிந்தால் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் தெரியும். இப்போது தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனில் சொன்னேன். எபநேசர், "அதுல ஆட்டோ ஹைடுன்னு ஒண்ணு இருக்குக்கா. நீங்க கவனிக்காதப்ப தானா ஒளிஞ்சிக்கிடும். புது வெர்ஷன்ல அது ஆன்லயே வந்திருக்கும். திங்கக்கிழமை வாரேன்" என்றார்.

நான் கவனிக்காதபோது ஒளிந்துகொள்கிறதாம். என் மாமியார்கூட அப்படித்தான் இருந்தார்.

காபி டம்ளர் முழங்கையில் இடித்துக் கீழே விழுந்தது. மேஜையின் வலது ஓரத்தில் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்டேன். ஷர்மிளா துணி கொண்டுவந்து துடைத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

திருத்தங்கலில் என் கணவரின் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போய்விட்டான் பரிமாறுகிறவன். கூப்பிட்டு, "ஏப்பா, ஆளப் பாத்துத்தான் அப்பளம் வைப்பியா?" என்று கேட்டேன். அவன் என் இலையையே பார்த்தான். பக்கத்தில் இருந்த என் கணவர் இலையின் வலது ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். அப்பளம் இருந்தது. நான் பேசிக்கொண்டிருந்தபோது வைத்துவிட்டுப் போயிருப்பான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் விருதுநகரிலிருந்து அண்ணன் சங்கரபாண்டி போன் செய்தான். மதுரையில் கண் காட்டிவிட்டு வந்திருக்கிறான். கண்ணில் பிரஷராம். அப்பாவுக்கு இருந்தது. தினமும் சொட்டு மருந்து விடுகிறானாம்.

"கூடப் பொறந்தவங்க எல்லாரும் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க கனி. அப்பாவுக்குக் கடைசில என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்ல."

"ஆடி பதினெட்டு முடியட்டும்ண்ணே."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

போன வருடமும் ஆடி பதினெட்டு வந்தது. அதற்கு நான் என்ன செய்வது?

ஜூலை 14, திங்கள்

எபநேசர் வந்து ஆட்டோ ஹைடைப் பார்த்தார். அது ஆன்னிலேயே இல்லை, ஆனாலும் ஒருமுறை ஆன் செய்து மறுபடி ஆஃப் செய்திருக்கிறேன் என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை விளக்குகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்குவது போலத்தான்.

அவர் சாத்தூர் பஸ் ஏறியிருக்க மாட்டார், மறுபடி போய்விட்டன.

ஜூலை 15, செவ்வாய்

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்தேன். போட்டோவில் எல்லா விளக்கும் இருக்கின்றன. கைபேசியை எடுப்பதற்குள் வந்துவிடுகின்றன போலிருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற சாஃப்ட்வேர் பழசாக இருக்கலாம் என்கிறார். நான் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் குரலில் பேசுகிறார். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பண்டிகை கொண்டாடும் வயதெல்லாம் போய்விட்டது. தேங்காய் வாங்கப் போனேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது வலதுபக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ திடீரென்று முளைத்தது. ஸ்கூட்டியின் கண்ணாடியை உரசி உடைத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கி நல்ல வார்த்தை நாலு கொடுத்தேன். "ஹாரன் அடிக்கத் தெரியாதா?"

"அடிச்சிக்கிட்டேதான வாரேன். நேரா என்னயப் பாத்துக்கிட்டே வண்டிய உள்ள விட்டீங்க."

பொய் சொல்ல அஞ்சாத சாதி இந்த லோடு ஆட்டோக்காரர்கள். நான் அவனைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. வண்டி ஸ்டாண்டில் சாய்ந்து கண்ணாடி உடைந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

டிரைவர் மாற்றியாயிற்று. அப்படியேதான் இருக்கிறது. எபநேசர் இன்று ஒரு யோசனை செய்தார். காலையிலிருந்து மதியம்வரை திரையில் நடப்பதை அப்படியே படம் பிடிக்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டார். மதியம் அதை வேகமாக ஓட்டிப் பார்த்தோம். பட்டை ஒருமுறைகூட அசையவில்லை. சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் நின்றன.

"பாத்தீங்களாக்கா? சாஃப்ட்வேர் எங்கயும் போகல."

"அது உள்ள நடக்கிறத எடுத்திருக்கு தம்பி. எனக்கு வெளிய தெரிய மாட்டேங்குது. அப்ப மானிட்டர்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். மானிட்டர் கம்ப்யூட்டருக்கு வெளியேதானே இருக்கிறது. எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஜூலை 19, சனி

மானிட்டரையும் கேபிளையும் மாற்றினோம். அண்ணாச்சியின் ரூமில் இருந்த பெரிய மானிட்டர். அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். பெரிய திரை என்பதால் பட்டை இன்னும் தள்ளிப் போயிற்று. இப்போது கீழ்ப்பாதி மட்டும் இல்லை, பாதிக்கு மேலேயும் போகிறது. மானிட்டர் பெரிதானால் கோளாறும் பெரிதாகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்ற சிஸ்டங்களுக்கும் வரிசையாக ஏற்றப்போகிறார். ஏற்றினால் எல்லாருக்கும் இதே கதிதான், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் கேட்டார். "நேத்தும் பீரோக் கதவுல இடிச்ச. தோள் கன்னிப்போயிருக்கு. என்ன யோசனையில நடக்குற?"

"ஆடி பதினெட்டு யோசனையிலதான்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். ராஜகுரு என்று பெயர் வைத்த மனிதர் இப்படி வாயே திறக்காமல் இருப்பது நல்லதுக்குத்தான் என்று பல நேரம் நினைத்ததுண்டு. இன்று அப்படி நினைக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தை மாதத்துத் தாள் ஒன்று தப்போடு பிளேட்டுக்குப் போய், அச்சும் ஏறிவிட்டது. கரிநாள் அன்றைக்கு 'சுபமுகூர்த்த நாள்' என்று சிவப்பு எழுத்தில் நிற்கிறது. போன வருடத் தாளை நகலெடுத்துத்தான் புதுத் தாள் செய்வோம். பழைய முகூர்த்தக் குறி அதில் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. கரிநாளில் கல்யாணம் வைக்கச் சொல்லும் காலண்டரை எவன் சுவரில் மாட்டுவான்? மெஷின் பக்கம் ஈரத்தாளைப் பார்த்த ஷர்மிளாதான் ஓடிவந்து நிறுத்தினாள். அடித்த தாளெல்லாம் கழிவு.

அண்ணாச்சி செக்‌ஷனுக்கே வந்துவிட்டார். பிளேட்டுக்கு அனுப்பியது நான். கேட்டார்.

"விளக்கு சிவப்புல இல்ல அண்ணாச்சி. இருந்திருந்தா அனுப்புவேனா?"

ஷர்மிளா, "நான் சிவப்பு வச்சேன்க்கா. சனிக்கிழமை படிக்கும்போதே வச்சிட்டேன்" என்றாள்.

"வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"வச்சேன்க்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஞ்சாங்கம் படிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நட்சத்திரமும் திதியும் யோகமும் தண்ணீர் ஊற்றியது போல வரும். அவள் மறப்பவள் இல்லை. ஆனால் நானும் குருடி இல்லை.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 23, புதன்

ஷர்மிளாவை பைண்டிங் பக்கம் அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. தாள் அடுக்கி, மேலே தகடு அடிக்கிற இடம். ஆடி பதினெட்டு முடிந்ததும் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார். என்னிடம்தான் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது, "வாரேன்க்கா" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படைத்தோம். அண்ணன் போன் செய்தான், எடுக்கவில்லை.

அப்பா கடைசி வருடங்களில் எங்களையெல்லாம் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அதற்கு முன்னால் சில வருடம், வீட்டில் சாமான்களை யாரோ இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. படைத்த நாள் அல்லவா, நினைவு வந்தது.

ஜூலை 26, சனி

ஷர்மிளாவுக்குப் பதிலாகப் படிக்க யாருமில்லை, மற்ற இரண்டு பெண்களுக்கும் அட்டைப்பட வேலையே தலைக்கு மேல். நானே பஞ்சாங்கத்தைப் படித்து நானே தாளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு விளக்கையும் விரலால் தொட்டுத்தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிளேட்டுக்கு அனுப்புகிறேன். மானிட்டர் முழுவதும் விரல் ரேகை. வேலை ஆமையாக நகர்கிறது. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் என் சிஸ்டத்தைத் தொடவே பிடிக்கவில்லை. ஷர்மிளாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய மிச்சத் தாள்களும் அதில்தான் இருந்தன. அதே கரும்பச்சை, அதே பட்டை. கொஞ்ச நேரம் வேலை ஓடியது. பிறகு பார்த்தால் இதிலும் அப்படியேதான். தாளைப் பார்க்கும்போது கீழ்விளக்குகள் இல்லை, திரும்பினால் வந்து நிற்கின்றன.

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை மறைக்க மாட்டேன். அத்தனை நாளும் என் ஒருத்தியின் சிஸ்டத்தில்தான் கோளாறு என்று பார்த்தார்களே, இப்போது இதிலும் வந்துவிட்டது. புது ஓ.எஸ்தான் வில்லன் என்று நிரூபித்துவிடலாம். ஷர்மிளாவையும் திரும்பக் கூப்பிட்டுவிடலாம், அவள் வைத்த சிவப்பைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். மனசுக்குள் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

பத்து மணிவாக்கில் எபநேசர் வந்தார். பையை இறக்குவதற்குள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தேன்.

"வாங்க தம்பி, வந்து பாருங்க. நான் சொன்னேன்ல, ஏத்துற சிஸ்டத்துக்கெல்லாம் இதே கதின்னு. ஷர்மிளா சிஸ்டத்துலயும் வந்திருச்சு. அதே கீழ்ப்பாதி."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுலயாக்கா?"

"இதுலதான். நீங்க ஏத்தின அன்னைலருந்தே இருந்திருக்கும். அவ கவனிச்சிருக்க மாட்டா."

அவர் பையிலிருந்து எதையோ எடுக்கப் போனவர் எடுக்காமல் நின்றார். மெதுவாகச் சொன்னார். "அக்கா, மத்த ரெண்டுலயும் போன வாரம் ஏத்தினேன். இதுல நான் இன்னும் கையே வைக்கல. இத ஏத்தத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். இது பழசுதான்."

நான் நம்பவில்லை. சிங்காரத்தை மூடிக் காட்டினார். அடியில் பழைய திரை இருந்தது, மூன்று வாரத்துக்கு முன்னால் என் சிஸ்டத்தில் இருந்த அதே பழைய திரை. மேலே நான் பூசிய பச்சையால் புதியது எது, பழையது எது என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

பழைய ஓ.எஸ். பழைய வெர்ஷன். வேறு மானிட்டர், வேறு கேபிள், வேறு டிரைவர். எல்லாம் வேறு. உட்கார்ந்திருந்தவள் மட்டும் நான்.

எபநேசர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அதை நான் பார்க்கவில்லை. "அக்கா, தண்ணி" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் என் வலதுபக்கம் நின்றிருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

லீவு. தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

நேற்று தலைவலி இல்லை. நாள் முழுவதும் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்து காலண்டர்தான் மாட்டியிருக்கிறது. இடது கண்ணை மூடினால் காலண்டரில் பிள்ளையார் முகம் தெரிகிறது. கையில் இருக்கும் கொழுக்கட்டை தெரியவில்லை. அதன் பக்கத்து ஜன்னலும் தெரியவில்லை. இருட்டாக இருந்தாலாவது புரிந்திருக்கும். இருட்டு இல்லை, ஒன்றுமே இல்லை. இல்லாதது இல்லை என்று எப்படித் தெரியும்?

ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். ஸ்கூட்டி விஷயத்தையும் சொன்னேன். "அப்பளத்தன்னைக்கே எனக்குச் சந்தேகம் கனி. கேட்டா கடிச்சு வைப்பன்னு பயந்துட்டேன்" என்றார். இத்தனை வருடத்தில் நான் இவரை என்ன செய்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை அண்ணாச்சியின் ரூமுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"தை மாசத் தாள்ல ஷர்மிளா சிவப்பு வச்சிருந்தா அண்ணாச்சி. எனக்குத்தான் தெரியல. கண்ணு. அப்பாவுக்கு இருந்ததுதான்."

அவர் கைபேசியை எடுக்கவில்லை. பிறகு கேட்ட கேள்வி அதுவரை எனக்கே தோன்றாதது.

"அப்ப இந்த மாசம் நீ பாத்து பிளேட்டுக்குப் போன மத்த தாளெல்லாம்?"

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஷர்மிளாவை பைண்டிங்கிலிருந்து கூப்பிட்டார்கள். கையில் பசை காயாமல் வந்தாள். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, "நீ வச்சது சரிதான், எனக்குத்தான் தெரியல" என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "கண்ணுன்னு உங்களுக்கே தெரியாதுக்கா, அத விடுங்க. நான் வச்சேன்னு சொன்னேன்ல. அத நம்பியிருக்கலாம்" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி படிக்க, இவள் பார்த்தாள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு தாள் மாட்டியது. நல்லவேளை, அது அச்சு ஏறவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "எப்பண்ணே மதுரைக்குப் போகலாம்?" என்றேன். அவன் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. "நாளன்னைக்கு" என்றான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதுரை. அண்ணனும் என் கணவரும் இரண்டு பக்கமும் வந்தார்கள். அவர் வலதுபக்கம்.

பல பரிசோதனைகள். ஒன்றை மட்டும் எழுத வேண்டும். ஓர் அறையில் விளக்கை அணைத்து, பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண்.

"நடுவுல எரியிற லைட்ட மட்டும் பாருங்கம்மா. கண்ண அசைக்கக் கூடாது. சுத்தி அங்கங்க புள்ளி புள்ளியா லைட் வரும். தெரிஞ்சா பட்டன அழுத்துங்க. தெரியலன்னா அழுத்த வேணாம்."

சிரிப்பு வந்துவிட்டது. என் பட்டையை யாரோ இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இடது கண் பரவாயில்லை, விட்டுவிட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு வலது கண். ஆரம்பத்தில் ஒரு புள்ளி, அழுத்தினேன். இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, நடு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி காத்திருந்தேன். மெஷின் மட்டும் உள்ளுக்குள் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"ஏம்மா, மெஷின் நின்னுபோச்சு போலருக்கே. ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்றேன்.

"இல்லம்மா. ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் காட்டினார். வலது கண்ணுக்கான வட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. இடது கண்ணில் மூக்கை ஒட்டிக் கீழ்ப்பக்கம் கறுப்பு தொடங்கியிருக்கிறது. இரண்டு கறுப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம்தான் என் பட்டை இருந்த இடம். "போனது திரும்ப வராதும்மா. இருக்கிறத வச்சிக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒருநாள் விடக் கூடாது. இனிமே வண்டி ஓட்டக் கூடாது. வலதுபக்கம் பாக்கணும்னா கண்ண மட்டுமில்லாம தலையயே திருப்பிப் பாருங்க" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருந்தது, அவ்வளவு பயமாக இருந்தது. அப்பாவை எத்தனை திட்டியிருப்போம் என்பதும் நினைவு வந்தது. அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து அவனுடைய சொட்டு மருந்தை எடுத்து எப்படி விட வேண்டும் என்று செய்து காட்டினான். பாதி கன்னத்தில் வழிந்தது. "இப்படி விடக் கூடாது" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. ஆல்பம் பூஜையில் இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, ஏஜெண்டுகளுக்குக் கேசரியும் கொடுத்தார்கள். தை மாதத்துக் கரிநாள் கரிநாளாகவே இருக்கிறது. அண்ணாச்சி என்னிடம், "கண்ணுக்கு மருந்து விட்டியாம்மா?" என்று கேட்டார். இனிமேல் பிளேட்டுக்கு அனுப்புவது ஷர்மிளா. நான் படிப்பேன், அவள் பார்ப்பாள். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

எபநேசர் கேசரி சாப்பிட வந்தவர் என்னை செக்‌ஷனுக்கு அழைத்தார். எல்லாச் சிஸ்டத்திலும் பட்டையை இடதுபக்கம் மாற்றி வைத்திருந்தார்கள், அவரும் ஷர்மிளாவும் சேர்ந்து. விளக்குகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன. நடுத்திரையில் ஒரு தாளைத் திறந்து அதையே பார்த்தேன். ஓரத்தில் சிவப்பும் பச்சையும் மேலிருந்து கீழ்வரை தெரிந்தன, பழையபடி.

"வலதுபக்கம் என்னத்த வச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வைக்கலக்கா. காலியா விட்டிருக்கு" என்றாள் ஷர்மிளா.

சரி என்று தலையாட்டினேன். பிறகுதான் டாக்டரம்மா சொன்னது நினைவு வந்து, கண்ணை மட்டுமல்லாமல் தலையையே முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.